தின்று தீர்த்த எடைக்கல்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நர்சுப் பிள்ளைகளே, உங்கள் தராசைப் பார்த்தேன். வெள்ளை வர்ணம் பூசி, கண்ணாடிக்குள்ளே முள் ஆடுகிறது. பிள்ளையை ஏற்றுகிறீர்கள், முள்ளைப் பார்க்கிறீர்கள், எழுதுகிறீர்கள், இறக்கிவிடுகிறீர்கள். நேற்று முழுக்க ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பிள்ளையின் முகத்தையாவது நீங்கள் பார்த்ததாக எனக்குத் தெரியவில்லை. இதைச் சொன்னால் கிழவிக்கு வேறு வேலையில்லை என்று உங்களுக்குள் சிரித்துக்கொள்வீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நான் சொல்லப்போகிற கதையும் சிரிக்கிற கதைதான், சிரிப்புக்கு ஆளானவள் நான்தான்.

திருவிதாங்கூர் ராஜா ஆண்ட காலம், முப்பதுகளின் தொடக்கம். நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷம் பிள்ளைகள் வார்டில் வேலை பார்த்தபின், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளைச் சோதிக்கிற டாக்டருக்குத் துணையாக என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள். தற்காலிகம் என்றால் எந்த நேரமும் வீட்டுக்கு அனுப்பலாம் என்று அர்த்தம். அதனால் நான் ரொம்பக் கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்வதில் குறியாக இருந்தேன். வந்த வினையெல்லாம் அதிலிருந்துதான்.

டாக்டரின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் மேலுலகத்திலிருந்தே முறைப்பார். நல்ல மனிதர், ஆனால் முன்கோபி. அதை அடக்க ஒரு வழி வைத்திருந்தார்: கோபம் வந்தால் வாயை மூடிக்கொண்டு நாக்கால் தன் பற்களை ஒவ்வொன்றாக எண்ணுவார். முப்பத்திரண்டு எண்ணி முடிப்பதற்குள் கோபம் தணிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவருக்கு வாயில் மிச்சம் இருந்தது இருபத்தெட்டுதான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதனால் எப்போதுமே நாலு பல் அளவுக்குக் கோபம் மிஞ்சி நிற்கும். அந்த நாலு பல் கோபத்தை வாங்கிக்கட்டிக்கொள்வது என் பாடு.

அவருக்கு ஒரு பிடிவாதமான எண்ணம் இருந்தது. மெலிந்த பிள்ளைக்குப் பல் சொத்தையாகும், சதைப்பிடிப்பான பிள்ளைக்குப் பல் நன்றாக இருக்கும். வசதியுள்ள வீட்டில் நல்ல பல், இல்லாத வீட்டில் சொத்தைப் பல். இதை நிரூபித்து மேலிடத்துக்கு எழுத வேண்டும் என்று பெரிய தாளில் மூன்று கட்டம் போட்டு வைத்திருந்தார்: எடை, வீட்டு நிலை, சொத்தை.

முதலில் போனது இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அந்தச் சோதனைக்கு வேறொரு காரியமும் சேர்ந்துகொண்டது. நாகர்கோவில் பெரியவர்கள் சிலர் கூடி, அந்தப் பள்ளியில் மெலிந்த பிள்ளைகளுக்கு மத்தியானம் கஞ்சியும் பயறும் ஊற்ற ஏற்பாடு செய்திருந்தார்கள். யார் மெலிவு என்று நாங்கள் சொல்ல வேண்டும். வயசுக்கு இத்தனை ராத்தல் என்று ஒரு கோடு போட்டிருந்தது; ராத்தல் என்றால் உங்கள் கணக்கில் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கோட்டுக்குக் கீழே இருந்தால் கஞ்சி உண்டு, மேலே இருந்தால் கிடையாது. பேச்சுக்கே இடமில்லை.

நாங்கள் போய் இறங்கியதும் தலைமை வாத்தியார் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண்பிள்ளையைக் காட்டினார். பெயர் தங்கம்மை. எட்டு வயசு இருக்கும். அப்பன் பனையிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து கிடந்தார். அம்மா அடுத்தவர் வீட்டில் அக்கானி காய்ச்சப் போய்க்கொண்டிருந்தாள். பதநீரைத்தான் எங்கள் பக்கம் அக்கானி என்போம்.

"மத்தியானம் ஆனா இந்தப் பிள்ள பெஞ்சுல சாஞ்சிரும் நர்சம்மா. தூங்குதுன்னு நெனச்சு நான் ரெண்டு தடவ அடிச்சுப் போட்டேன். பொறவுதான் தெரிஞ்சுது, பசி" என்றார். "வேற யாருக்குக் கெடைக்காட்டாலும் இவளுக்குக் கஞ்சி கெடைக்கணும்."

"அதுக்குத்தானே வந்திருக்கோம்" என்றேன் பெரிய மனுஷி போல.

எடை பார்க்கும் இயந்திரத்தை நாகர்கோவிலிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி வந்திருந்தோம். பள்ளிக்கூடத்துக்கு எட்டும் தூரத்தில் வண்டி சாய்ந்து இயந்திரம் வாய்க்காலுக்குள் விழுந்தது. தூக்கி நிறுத்தி, துடைத்து, நான் ஏறிப் பார்த்தேன். பதினோரு ராத்தல் என்றது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஆனால் டாக்டர் பல் எண்ண ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு இன்னொரு நாள் வந்திருக்க வேண்டும். அதுதான் புத்தியுள்ளவர்கள் செய்வது. கெட்டிக்காரியான நானோ, "கொஞ்சம் பொறுங்க டாக்டரே, நான் ஒரு வழி பாக்கேன்" என்று சேலையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு கருப்பட்டி வியாபாரியின் களம் இருந்தது. பூவரச மரத்துக் கிளையில் பெரிய தராசு தொங்கியது. ஒரு தட்டில் பிள்ளை தாராளமாக உட்காரலாம். கேட்டதும் சரி என்றுவிட்டார். ஆனால் பெரிய எடைக்கற்கள் எல்லாம் அன்றைக்குச் சந்தைக்குப் போயிருந்தன. சின்னக் கற்கள்தான் இருந்தன.

"அதுக்கென்ன நர்சம்மா, இந்தக் கருப்பட்டிக் கட்டு ஒவ்வொண்ணும் பத்து ராத்தல். எனக்க கையால நிறுத்துக் கட்டினது. ஒரு குந்துமணி கூடாது, ஒரு குந்துமணி கொறையாது. கல்லுக்குப் பதிலா இத வச்சு நிறுங்க" என்றார். பனையோலையில் பொதிந்த நாலு கட்டைத் தூக்கித் தட்டில் வைத்துவிட்டு அவரும் சந்தைக்குப் போய்விட்டார்.

எனக்கு என் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. டாக்டரும் "கொள்ளாம் நர்ஸ், கொள்ளாம்" என்று பாராட்டிவிட்டு, பல் பார்ப்பதற்காக வகுப்புக்குள் போய் உட்கார்ந்தார். வெளியே நான் எடை பார்ப்பேன், உள்ளே அவர் வாயைப் பார்ப்பார்.

வாத்தியார் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். முதலில் வயல்காரர் வீட்டுப் பிள்ளைகள், அடுத்து கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கடைசியில் பனையேறுகிறவர்கள், மீன் பிடிக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். அப்படி நிறுத்தச் சொல்லி யாரும் அவரிடம் சொல்லவில்லை. அது தப்பு என்று எனக்கும் தோன்றவில்லை. எல்லாப் பள்ளியிலும் வரிசை என்றால் அப்படித்தான்.

வரிசை கருப்பட்டித் தட்டை ஒட்டியே நின்றது. நான் தராசு முள் நேராக நிற்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காலையிலிருந்து மத்தியானம்வரை என் கழுத்து வானத்தைப் பார்த்தபடிதான். கீழே என்ன நடந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? அறுபது பிள்ளைகள் நிற்கிறார்கள், ஒரு சத்தம் இல்லை. வாத்தியாருக்குப் பூரிப்பு.

"எனக்க பிள்ளையளுக்க ஒழுக்கத்தப் பாத்தியளா நர்சம்மா?" என்றார்.

வாய் நிறையக் கருப்பட்டி இருந்தால் எந்தப் பிள்ளைதான் பேசும்?

ஆமாம், தின்றிருக்கிறார்கள். ஓலைக் கட்டின் இடுக்கில் விரலை விட்டு, ஆளுக்கு ஒரு விள்ளல். கருப்பட்டி குறைந்தால் தராசைச் சமமாக்க அந்தத் தட்டில் கூடுதலாகச் சின்னக் கற்கள் போட வேண்டும். நானும் போட்டேன். போட்டதையெல்லாம் பிள்ளையின் எடையில் கூட்டி எழுதினேன். வரிசை நகர நகரப் பிள்ளைகளின் எடை ஏறிக்கொண்டே போனது. கடல்காற்று உடம்புக்கு நல்லதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன். சவம், இப்படி ஒரு மூளை.

இன்னொன்றும் நடந்தது. உள்ளே போகுமுன் ஒவ்வொரு பிள்ளையும் வாய் கொப்பளிக்க வேண்டும் என்பது டாக்டரின் உத்தரவு. பாதி வரிசை முடிவதற்குள் பானைத் தண்ணீர் தீர்ந்துபோனது. கருப்பட்டி தின்றால் தாகம் எடுக்காதா? குடித்தே தீர்த்திருக்கிறார்கள். ஒரு பானைத் தண்ணீர் எப்படி மாயமானது என்று நான் கேட்கவில்லை. நேரமாகிறதே என்று கொப்பளிக்காமலே உள்ளே அனுப்பினேன். டாக்டர் அந்த அரைவெளிச்சத்தில் கரண்டிக் காம்பால் கன்னத்தை ஒதுக்கிப் பார்த்துவிட்டு, பழுப்பாக ஒட்டியிருந்ததையெல்லாம் சொத்தை சொத்தை என்று எழுதித் தள்ளியிருக்கிறார்.

மத்தியானம் இரண்டு தாளையும் சேர்த்து வைத்துப் பார்த்தவர், குதிக்காத குறையாக வெளியே வந்தார்.

"நர்ஸ், நான் இத்தனை வருஷமா நெனச்சது அப்படியே தலைகீழ்! எடை கூடக் கூடத்தான் சொத்தையும் கூடுது! வசதி கொறையக் கொறைய எடை கூடுது! இருக்கதுலயே கனமான பிள்ளையள் பனையேறிக வீட்டுப் பிள்ளையள்தான். ஒலகத்துல ஒருத்தனும் இதக் கண்டுபிடிக்கல்ல!"

கண்டுபிடித்திருக்க மாட்டார்கள்தான்.

நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வேலை நிரந்தரமாகிவிடும் என்ற கனவில். வாத்தியார் கஞ்சிப் பட்டியலை வாங்கிப் படித்தார். கோட்டுக்குக் கீழே இருந்தது அறுபது பேரில் ஒரே ஒரு பையன். வரிசையில் மூன்றாவதாக நின்றவன், ஊரிலேயே அதிகம் வயல் உள்ள பெரிய வீட்டுக்காரரின் மகன். தங்கம்மை கோட்டுக்கு இரண்டு ராத்தல் மேலே.

வாத்தியார் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஊருக்குள் செய்தி போக எவ்வளவு நேரம்? பெரிய வீட்டுக்காரர் குடையைச் சுழற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"டாக்டரே, எனக்க வீட்டுப் பத்தாயத்துல நெல்லு நெறஞ்சு கெடக்கு. எனக்க மவனுக்குத் தர்மக் கஞ்சியா? எவன் எழுதினான் இத?"

"கோட்டுக்குக் கீழ இருக்கான், நாங்க என்ன செய்ய?"

"எந்தக் கோடு? எவன் போட்ட கோடு?"

இவர்கள் இருவரும் கோட்டைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, என் பின்னால் யாரோ வந்து நிற்பது தெரிந்தது. தங்கம்மையின் அம்மா. அக்கானி காய்ச்சுகிற அடுப்பிலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள், முகமெல்லாம் கரி. மகளைக் கையில் பிடித்திருந்தாள். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குச் சத்தம் போட்டிருப்பேன். அவள் போடவில்லை.

"நர்சம்மா, எனக்க பிள்ளைக்குக் கஞ்சி இல்லியாமே."

"தராசு காட்டினதத்தானே நான் எழுத முடியும்? கோட்டுக்கு மேல இருக்கா."

"தராசு காட்டினது இருக்கட்டும். நீங்க ஒருக்கா இவளத் தூக்கிப் பாருங்க."

அவள் பேச்சைத் தட்ட முடியவில்லை. குனிந்து தூக்கினேன். மூன்று வருஷம் வார்டில் பிள்ளைகளைத் தூக்கிய கை இது. அதற்கு முள்ளும் வேண்டாம், கல்லும் வேண்டாம். தூக்கிய வேகத்தில் அவள் என் தலைக்கு மேலே போய்விட்டாள். ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லை. அவள் பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூச்சுக்காற்று முகத்தில் பட்டது. கருப்பட்டி வாசனை.

"ஏட்டி, என்னத்தத் தின்ன?"

கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு மக்கா, அடிக்கமாட்டேன்."

"கல்லு" என்றாள் விரலிடுக்கு வழியாக.

"எந்தக் கல்லு?"

"நீங்க தட்டுல வச்ச கல்லு. எல்லாரும் தின்னாவ. எனக்குத்தான் கடைசியில கொஞ்சம் கெடச்சுது."

அவளை இறக்கிவிட்டுத் தராசடிக்கு ஓடினேன். மேலே இருந்த கட்டைக் கையால் அமுக்கினேன். ஓலை அப்படியே உள்வாங்கியது. மூன்றாவது கட்டுக்குள் என் முழங்கைவரை போனது. அதற்குள்ளே ஒரு கட்டெறும்புக் கூட்டம் எனக்கு முன்பே வேலையை ஆரம்பித்திருந்தது.

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். டாக்டர் பெரிய வீட்டுக்காரரிடமிருந்து தப்பித்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். சட்டைப்பையில் அந்தத் தாள். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். நான் வாயை மூடிக்கொண்டு வண்டியில் ஏறியிருந்தால் யாருக்கும் தெரியாது. எனக்கு வேலை நிரந்தரம், அவருக்கு மேலிடத்தில் பெயர், தங்கம்மைக்கு மத்தியானம் பெஞ்சு. வாயைத் திறந்தால் நான் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஒளிக்கவில்லை. அழுதுகொண்டே வண்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

"டாக்டரே, எடைக்கல்லப் பிள்ளையள் தின்னுட்டுதுவ."

அவர் வண்டிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார். "இரும்பையா?"

"கருப்பட்டிய. கட்டு காலியாக் கெடக்கு. நான் எழுதின எடை ஒண்ணும் சரியில்ல."

வாய் மூடியது. கன்னத்துக்குள் நாக்கு நகர்வது வெளியே தெரிந்தது. நான் காத்திருந்தேன். இருபத்தெட்டும் முடிந்தது.

"சரி, எடை போச்சு. பல்லு?"

"கொப்பளிக்க வைக்கல்ல டாக்டரே. தண்ணி தீந்து போச்சு."

"அப்பம் நான் எழுதின சொத்த?"

"கழுவினாப் பாதி போயிரும்."

மறுபடி முதலிலிருந்து எண்ணினார். பிறகு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். "இதப் பத்திரமா வச்சிருங்க. நான் பெரிய ஆளுன்னு எப்பமாவது பேச ஆரம்பிச்சா எடுத்துக் காட்டுங்க" என்றார். அதன்பின் அந்த நாலு பல் கோபத்தை நாகர்கோவில் போய்ச் சேரும்வரை வாங்கிக்கொண்டேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பவில்லை. அந்தத் தாளை இரண்டு தடவை எடுத்துக் காட்டவும் செய்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி போனோம். இந்தத் தடவை இரும்புக் கல். வியாபாரி தன் கருப்பட்டியை அறைக்குள் வைத்துப் பூட்டி, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். வரிசையைப் பெயரின் முதல் எழுத்துப்படி நிறுத்தச் சொன்னார் டாக்டர். பெரிய வீட்டுப் பையனுக்குப் பக்கத்தில் மீன்காரர் மகன் வந்தான், வாத்தியார் பாவம், தலையைச் சொறிந்தார். பிள்ளைகள் கொப்பளித்துத் துப்பிய தண்ணீரில் முற்றம் சகதியானது.

தங்கம்மை கோட்டுக்கு நாலு ராத்தல் கீழே. அவளோடு இன்னும் பதினெட்டுப் பிள்ளைகள். எல்லோருக்கும் கஞ்சி.

டாக்டரின் பழைய எண்ணமும் செத்தது, புது எண்ணமும் செத்தது. மெலிந்தவர்களில் முத்துப் போலப் பல் உள்ளவர்களும் இருந்தார்கள், சொத்தை விழுந்தவர்களும் இருந்தார்கள். கொழுத்தவர்களிலும் அப்படியே. கடைசியில் பெரிய வீட்டுப் பையனையும் தங்கம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி வாயைத் திறக்கச் சொன்னார். இரண்டு பேரும் எலும்பும் தோலும்தான். இரண்டு பேருக்கும் ஒரே கடைவாய்ப் பல்லில் ஒரே மாதிரி ஓட்டை.

இருவர் வீட்டாரையும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "பிள்ள அழுதா என்ன கொடுப்பீங்க?"

"கருப்பட்டிதான் டாக்டரே. இந்தப் பய சோறு திங்கமாட்டான். வாயில ஒரு துண்டு வச்சாத்தான் ஒரு உருண்ட உள்ள எறங்கும்" என்றார் பெரிய வீட்டுக்காரர்.

"கருப்பட்டிதான்" என்றாள் தங்கம்மையின் அம்மா. "சோறு இல்லாத நேரம் காய்ச்சுற எடத்துலயிருந்து ஒரு துண்டு கொண்டு வருவேன். அது வாயில இருக்கது வரைக்கும் அழமாட்டா."

டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். அன்றைக்கு அவர் பல் எண்ணவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பள்ளிக்குப் போனாலும் எடையைப் பார்ப்போம், பல்லைப் பார்ப்போம், கூடவே இந்தக் கேள்வியையும் கேட்போம். உங்கள் தாளில் வீட்டு நிலை என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதில் வசதி உண்டு, வசதி இல்லை என்று எழுதிவிட்டுப் போகாதீர்கள். அந்த வீட்டில் அழுகிற பிள்ளையின் வாயில் எதை வைக்கிறார்கள், ஏன் வைக்கிறார்கள் என்று கேளுங்கள்.

பெரிய வீட்டுப் பையனும் கஞ்சி வரிசையில் உட்கார்ந்தான். வீட்டில் ஒரு உருண்டைக்கு ஊரைக் கூட்டுகிறவன், கூட்டத்தோடு உட்கார்ந்ததும் பிலாவிலையைக் கரண்டியாகக் கோட்டி இரண்டு கிண்ணம் குடித்தான். அப்பாவுக்கு மானம் போயிற்று. வாங்கினால்தானே தர்மம், நான் கொடுக்கிறேன் என்று மறுநாளே ஒரு மூட்டை பயறு அனுப்பி வைத்தார். தங்கம்மையின் பல்லை டாக்டர் பிடுங்கினார். பிடுங்கும்போது அவர் விரலை அவள் கடித்ததில் நகம் கறுத்துப்போனது. மற்ற பல் எல்லாம் நல்ல உறுதி என்று அவரே சொல்லிக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து மறு எடை பார்க்கப் போனோம். தங்கம்மை தட்டில் ஏறி உட்கார்ந்தாள். கோட்டுக்கு உரிய கல்லை அடுத்த தட்டில் வைத்தேன். கன்னத்தில் சற்றுச் சதை வைத்திருந்தது. நாசமாய்ப் போன தராசு, அவள் பக்கம் மெதுவாகத் தாழ்ந்தது. கோட்டைத் தாண்டிவிட்டாள், அரை ராத்தல். சட்டப்படி நாளை முதல் கஞ்சி கிடையாது. அவள் அப்பன் இன்னும் எழுந்து நடமாடவில்லை. அம்மா வேலிக்கு வெளியே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தராசு பார்ப்பதில் நான் அதற்குள் நல்ல தேர்ச்சி பெற்றிருந்தேன். முன்பு போல அண்ணாந்து பார்க்கவில்லை. சேலை விளிம்புக்குக் கீழே என் வலது கால் மெல்ல நகர்ந்து, கல் இருந்த தட்டின் ஓரத்தில் ஏறியது. தங்கம்மை அழகாக மேலே எழும்பினாள்.

டாக்டர் தராசைப் பார்த்தார். தங்கம்மையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாய் மூடியது. கன்னத்துக்குள் நாக்கு நகர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவரோடு சேர்ந்து எண்ணினேன். இருபத்தெட்டு.

"கோட்டுக்குக் கீழன்னு எழுதுங்க" என்று வாத்தியாரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காத குரலில், "நர்ஸ், செருப்பக் கழத்திட்டு மிதிக்கக் கூடாதா? தட்டெல்லாம் மண்ணு" என்றார்.

அதற்குப் பிறகு வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை, எடை பார்க்கிற நாளில் நான் வெறுங்காலோடுதான் போனேன்.